‘சும்மா ஒரு சடங்குக்குத்தான்’: சடங்குகள் நிஜத்தில் செய்யும் வேலை என்ன?

நான் பட்டம் வாங்கிய அன்று மேடையில் என் கையில் கொடுத்த உருளைக்குள் வெள்ளைத்தாள்தான் இருந்தது. அசல் சான்றிதழை மூன்று வாரம் கழித்து, ஒரு ஜன்னல் முன்னால் வரிசையில் நின்று, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தேர்வு முடிவு அதற்கும் ஐந்து மாதம் முன்பே வந்துவிட்டது. கணக்குப் பார்த்தால் அந்த மேடை நாளில் எனக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. இருந்தும் வீட்டுச் சுவரில் தொங்குவது அந்த வெற்றுத்தாளைப் பிடித்துக்கொண்டு இளிக்கும் படம்தான். அசல் சான்றிதழ் எந்தக் கோப்பில் கிடக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

‘சும்மா ஒரு சடங்குக்குச் செய்தார்கள்’ என்று சொன்னால், உள்ளே சரக்கு இல்லை, வெளியே காட்டிக்கொள்ள மட்டும் செய்தார்கள் என்று அர்த்தம். அப்படிச் சொல்கிறவர்களே, அழைக்க வேண்டிய விசேஷத்துக்கு யாராவது தங்களை அழைக்காமல் விட்டால் வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சரக்கே இல்லாத விஷயத்துக்கு இவ்வளவு கோபம் வராது. சடங்கைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு முனைகளில் மாட்டிக்கொள்கிறது. ஒரு தரப்புக்கு அது வெட்டிச்செலவு. இன்னொரு தரப்புக்கு அது கேள்வியே கேட்கக் கூடாத புனிதம். அது என்ன வேலை செய்கிறது, எப்படிச் செய்கிறது என்று இரண்டு தரப்புமே கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அதைத்தான் கேட்கிறது.

## பழக்கம் வேறு, சடங்கு வேறு

பல் தேய்ப்பது பழக்கம். இடது கையால் தேய்த்தாலும் மொட்டைமாடியில் நின்று தேய்த்தாலும் பல் சுத்தமானால் சரி. மெழுகுவத்தியை அணைப்பதும் அப்படித்தான். ஊதலாம், விரலால் நசுக்கலாம். ஆனால் பிறந்தநாள் மெழுகுவத்தியை மின்விசிறிக் காற்று அணைத்துவிட்டால் என்ன செய்கிறோம்? ‘அடடா’ என்று மின்விசிறியை நிறுத்தி, மறுபடி ஏற்றி, பிறந்தநாள் பிள்ளையை ஊதச் சொல்கிறோம். அணைவதுதான் தேவை என்றால் வேலை முடிந்துவிட்டதே! யார் அணைக்கிறார், எந்த நேரத்தில், யார் பார்க்க அணைக்கிறார் என்பதில்தான் அங்கே விஷயம் இருக்கிறது.

இதையே வரையறையாக வைத்துக்கொள்ளலாம். பலனை விட முறை முக்கியமாகிவிட்ட செயல் சடங்கு. செய்யும் முறைக்கும் அதனால் வருவதாகச் சொல்லும் விளைவுக்கும் நடுவே பார்த்துத் தொடக்கூடிய இணைப்பு எதுவும் இருக்காது. மோதிரம் மாற்றினால் உடம்பில் எதுவும் மாறுவதில்லை. ஆனாலும் மோதிரம் மாற்றிய பிறகு இரண்டு பேர் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள்.

இந்த வரையறையில் கடவுள் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். சடங்கு என்றாலே மதம் என்று நினைப்பது பரவலான பிழை. நீதிபதி உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து நிற்பது, ஆட்டத்துக்கு முன் நாணயம் சுண்டுவது, கொடியை அரைக்கம்பத்தில் பறக்க விடுவது எல்லாமே சடங்குதான். நாத்திகர்கள் கூடும் மாநாட்டிலும் தொடக்கவுரை உண்டு, பொன்னாடை உண்டு.

## சொன்னாலே நடந்துவிடும் சொற்கள்

2009 ஜனவரி 20. வாஷிங்டனில் பராக் ஒபாமா பதவியேற்கிறார். அமெரிக்க அரசமைப்பில் அந்த உறுதிமொழி வெறும் 35 சொற்கள். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் கையில் தாள் இல்லாமல் சொல்லிக்கொடுக்கிறார். நடுவில் ‘உண்மையாக’ என்ற பொருள் தரும் ஒரு சொல் இடம் மாறி வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடுகிறது. ஒபாமாவுக்கு அது தெரிந்துவிட்டது. திருத்திக்கொள்ளட்டும் என்று சற்று நிறுத்துகிறார். ராபர்ட்ஸ் திருத்தப் பார்த்து இன்னும் தடுமாறுகிறார். கடைசியில் ஒபாமா தப்பான வரிசையையே திரும்பச் சொல்கிறார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம் ஆரவாரம் செய்கிறது.

மறுநாள் மாலை ராபர்ட்ஸ் வெள்ளை மாளிகைக்கு வந்தார். ஒரு அறையில் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, அதே 35 சொற்களை மறுபடி சொல்லிக்கொடுத்தார். மேடை இல்லை, பைபிள் இல்லை. சில உதவியாளர்களும் சில செய்தியாளர்களும் மட்டும் இருந்தார்கள். சட்டப்படி முந்தைய நாள் நண்பகலிலேயே ஒபாமா அதிபராகிவிட்டார்; 20-ஆவது திருத்தம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பதவிப் பணியைத் தொடங்குமுன் இந்த உறுதிமொழியை எடுக்க வேண்டும் என்றும் அரசமைப்பு சொல்கிறது. நாளைக்கு யாராவது ‘அன்று சரியாகச் சொல்லவில்லையே’ என்று கிளப்பினால்? அதனால் இன்னொரு முறை சொல்லிவிட்டார்கள். அர்த்தம் மாறவில்லை, ஒரு சொல்லின் இடம்தான் மாறியிருந்தது.

பிரிட்டிஷ் தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் நிகழ்த்திய உரைகளில் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். ‘மழை பெய்கிறது’ என்பது ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் பற்றிய செய்தி. அது மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கலாம். ‘வாக்குக் கொடுக்கிறேன்’, ‘கூட்டத்தைத் தொடங்கி வைக்கிறேன்’, ‘இவர்களைத் தம்பதியாக அறிவிக்கிறேன்’ என்பவை அப்படியல்ல. சொல்வதும் செய்வதும் அங்கே ஒன்றுதான். இவற்றை நிகழ்த்துக் கூற்றுகள் என்று வைத்துக்கொள்வோம். இவை மெய்யாவதோ பொய்யாவதோ இல்லை. பலிக்கும், அல்லது பலிக்காமல் போகும். பலிக்க வேண்டுமென்றால் உரிய ஆள், உரிய இடத்தில், உரிய முறையில் சொல்ல வேண்டும். நான் என் வரவேற்பறையில் நின்று யாரையும் நாட்டின் அதிபராக்க முடியாது, எவ்வளவு அழகாகச் சொன்னாலும்.

சரி, அந்தச் சக்தி சொல்லுக்கு எங்கிருந்து வருகிறது?

## நாலு பேர் அறிய

ஒரு அலுவலகத்தில் மேலாளர் வேலையை விட்டுப் போகப் போகிறார். காதோடு காதாக விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் யாரும் வாயைத் திறப்பதில்லை. ‘இவனுக்குத் தெரியுமா? தெரிந்தது எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியுமா?’ என்ற குழப்பம். ஒரு நாள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து அவரே சொல்லிவிடுகிறார். தகவல் என்று பார்த்தால் பழசு. ஆனால் அடுத்த நிமிடத்திலிருந்து அலுவலகமே மாறிவிடுகிறது. அடுத்து யார் வருவார் என்று வெளிப்படையாகப் பேசுகிறார்கள், வழியனுப்பப் பணம் வசூலிக்கிறார்கள்.

மாறியது என்ன? முன்பு ஒவ்வொருவருக்கும் தெரியும். இப்போது எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இதைப் பகிர்ந்த அறிவு எனலாம். (பொது அறிவு என்று மொழிபெயர்த்தால் வினாடி வினா ஞாபகம் வந்துவிடும்.) அரசியல் ஆய்வாளர் மைக்கேல் சுவே 2001-இல் சடங்குகளை இந்தக் கோணத்தில் விளக்கினார். சடங்கு என்பது பகிர்ந்த அறிவைத் தயாரிக்கும் இயந்திரம் என்பது அவர் வாதத்தின் சாரம். கூடும் இடங்கள் பல வட்டமாக இருப்பதற்கும் இதில் ஒரு காரணம் உண்டு. வட்டத்தில் உட்கார்ந்தால் நடுவில் நடப்பது மட்டும் தெரிவதில்லை. எதிரே இருப்பவர் அதைப் பார்க்கிறார் என்பதும் தெரிகிறது.

தமிழில் இதற்கு எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது: நாலு பேர் அறிய. நாலு பேர் அறியச் சொன்ன சொல்லை அப்புறம் மாற்றிப் பேச முடியாது. திருமணம் செய்துகொண்ட இருவர் நூறு பேருக்குத் தனித்தனியாக ரகசியக் கடிதம் எழுதினால் நூறு பேருக்கும் விஷயம் தெரியும்; ஆனால் நூறு பேர் முன்னால் கைபிடித்ததாக ஆகாது.

இந்த வேலையைப் பட்டவர்த்தனமாகச் செய்யும் சடங்கு ஒன்று கனடாவின் பசிபிக் கரையோரப் பழங்குடி மக்களிடம் உண்டு. பாட்லாட்ச் என்று பெயர். ஒரு குடும்பத்தின் பட்டப்பெயரோ உரிமையோ அடுத்தவருக்கு மாறும்போது அயலாரைக் கூட்டி, நடனங்களும் பேச்சுகளும் நடத்தி, வந்தவர்களுக்கு ஏராளமாகப் பரிசு கொடுப்பார்கள். வெளியிலிருந்து பார்த்த ஐரோப்பியர்களுக்கு அது கண்மூடித்தனமான ஊதாரித்தனமாகத் தெரிந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு அந்தப் பரிசு கூலி. ‘இந்தப் பெயர் இன்று இவருக்கு வந்தது, நான் பார்த்தேன்’ என்று நினைவில் வைத்திருப்பதற்கான சாட்சிக் கூலி. எழுத்துப் பதிவேடு வைக்காத சமூகத்தில் விருந்தாளிகளின் நினைவுதான் பத்திரப்பதிவு அலுவலகம்.

கனடா அரசு 1885 முதல் இதைச் சட்டப்படி தடை செய்தது. 1921-இல் வில்லேஜ் தீவில் நடந்த ஒரு பெரிய பாட்லாட்சுக்குப் பிறகு பலரைக் கைது செய்து, முகமூடிகளையும் ஆடைகளையும் பறிமுதல் செய்தார்கள். தடை 1951-இல்தான் சட்டத்திலிருந்து நீங்கியது. வெறும் சடங்குதானே என்றால் எதற்கு 66 வருடம் துரத்த வேண்டும்? யாருக்கு என்ன உரிமை என்பதைத் தீர்மானிக்கும் ஒரு முறையே அங்கே இயங்கிக்கொண்டிருந்தது. அதை உடைக்காமல் அந்த மக்களைத் தங்கள் சட்டத்துக்குள் கொண்டுவர முடியாது என்று அரசு கணக்குப் போட்டது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சடங்கில் முறைதான் முக்கியம். அந்த முறைப்படி சொல்லும் சொல் ஒரு காரியத்தை நடத்திவிடுகிறது. அது பலிப்பது, கூடியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சாட்சியாவதால்.

## வாசற்படியில் நிற்கும் நேரம்

சில மாற்றங்கள் ஒரு சொல்லில் முடிவதில்லை. இளைஞர் போர்வீரராவது, மாணவர் மருத்துவராவது, உயிரோடு இருந்தவர் நினைவாவது எல்லாம் நாள் பிடிக்கும் மாற்றங்கள். 1909-இல் அர்னால்ட் வான் கென்னெப் என்ற ஆய்வாளர், உலகின் பல பகுதிகளில் இத்தகைய சடங்குகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பதைக் காட்டினார். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு ஆளை நகர்த்தும் இவற்றைக் கடப்புச் சடங்குகள் எனலாம். வீட்டுக்குள் நுழைவதை நினைத்துக்கொண்டால் போதும். தெருவை விட்டு வருகிறோம், வாசற்படியில் நிற்கிறோம், உள்ளே போகிறோம்.

ராணுவத்தில் சேரும் ஒருவருக்கு முதல் நாளே தலைமுடியை ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். சொந்த உடையைக் கழற்றி மூட்டை கட்டச் சொல்கிறார்கள். பழைய வாழ்க்கையிலிருந்து பிரிப்பது இது. அடுத்து வரும் பயிற்சி மாதங்களில் அவர் ஊர்க்காரரும் இல்லை, வீரரும் இல்லை. பணக்கார வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் மகனும் ஒரே உடையில் ஒரே சேற்றில் உருள்கிறார்கள். கடைசியில் அணிவகுப்பு, குடும்பத்தார் முன்னிலையில் சின்னம் குத்துவது. புதிய ஆளாக உள்ளே சேர்ப்பது அங்கே நடக்கிறது.

நடுவில் உள்ள அந்த இரண்டுங்கெட்டான் கட்டம்தான் எனக்கு இதில் மிகவும் சுவாரசியமானது. 1960-களில் விக்டர் டர்னர் என்ற மானுடவியலாளர், ஜாம்பியாவின் இன்டெம்பு மக்களோடு தங்கிக் கண்டதை வைத்து இதை விரித்து எழுதினார். வாசற்படியில் நிற்கும்போது பழைய தகுதிகள் கழன்றுவிடுகின்றன. புதியவை இன்னும் வரவில்லை. அப்படி ஒன்றுமில்லாமல் நிற்பவர்களுக்குள் விசித்திரமான ஒரு நெருக்கம் முளைக்கிறது. ஒன்றாக விடுதியில் முதல் வருடம் தங்கியவர்கள் முப்பது வருடம் கழித்தும் ‘டேய்’ என்று கூப்பிட்டுக்கொள்வது இதனால்தான்.

இறுதிச் சடங்கிலும் இதே மூன்று கட்டங்கள். போனவரை விட இருப்பவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை. மரணம் ஒரு நொடியில் நடந்துவிடும்; மனசு வந்து சேர நாளாகும். அந்த இடைவெளியில் என்ன செய்வது, எங்கே நிற்பது, எவ்வளவு நாள் அழலாம், எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பதையெல்லாம் யோசிக்கத் தெம்பில்லாத நேரத்தில் சடங்கு யோசித்து வைத்திருக்கிறது.

இது இல்லாமல் போனால் எப்படியிருக்கும் என்பதைக் கொரோனா காலத்தில் உலகமே பார்த்தது. 2021 ஏப்ரல் 17 அன்று வின்ட்சரில் இளவரசர் பிலிப்பின் இறுதிச் சடங்கு. 30 பேருக்கு மட்டும் அனுமதி. 73 வருடம் உடன் வாழ்ந்த கணவரை வழியனுப்ப, கறுப்பு முகக்கவசத்தோடு ராணி எலிசபெத் அந்த நீண்ட இருக்கையில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டிய சொற்கள் எதிலும் குறையில்லை. பக்கத்தில் ஒரு தோள் இல்லை, அவ்வளவுதான். அந்தப் படத்தைப் பார்த்த யாருக்கும் என்ன குறைகிறது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

## உடம்பும் சேர்ந்துகொள்கிறது

மேலே சொன்னதெல்லாம் தலைக்குள் நடப்பது. சடங்கு உடம்பையும் விட்டுவைப்பதில்லை. ஒரே தாளத்தில் கைதட்டுவது, ஒன்றாக எழுவது, ஒன்றாகப் பாடுவது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912-இல் இதற்குக் கூட்டுக் கொந்தளிப்பு என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். கூட்டத்தில் எழும் அந்தச் சூட்டை மனிதர்கள் தங்களுக்கு மேலான ஏதோ ஒரு சக்தியாக உணர்கிறார்கள், உண்மையில் அங்கே அவர்கள் உணர்வது தங்கள் சமூகத்தின் பலத்தைத்தான் என்றார். துர்க்கைமின் வாதம் கொஞ்சம் அதிகமாகவே நீள்கிறது என்பது என் எண்ணம். ஆனால் அந்தச் சூடு கற்பனை இல்லை.

ஸ்பெயினில் சான் பெட்ரோ மன்ரிக்கே என்ற சிற்றூரில் ஒவ்வொரு ஜூன் 23 இரவும் தீ மிதிக்கிறார்கள், பெரும்பாலும் முதுகில் ஒருவரைச் சுமந்துகொண்டு. ஒரு ஆய்வுக் குழு மிதிப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத் துடிப்பு அளக்கும் கருவியைக் கட்டிவிட்டது. முடிவு 2011-இல் வெளிவந்தது. மிதிப்பவரின் துடிப்பு ஏறி இறங்கும்போது, சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அவருடைய உறவினர், நண்பர்களின் துடிப்பும் அதே வடிவத்தில் ஏறி இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களுக்கு அப்படி ஒத்துப்போகவில்லை. நெருப்பு ஒன்றுதான், சத்தம் ஒன்றுதான். நம்ம ஆள் என்ற எண்ணம் இருந்த இடத்தில் மட்டும் இதயம் கூடவே ஓடியது.

## ‘ஏன் மூன்று தடவை?’ ‘அது அப்படித்தான்’

சடங்கில் எரிச்சலூட்டும் விஷயம் இது. காரணம் கேட்டால் ‘அப்படித்தான் செய்வார்கள்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இதன் வேர் நம் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது.

2005-இல் வெளியான ஒரு சோதனையில் குட்டிச் சிம்பன்சிகளிடமும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடமும் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார்கள். முதலில் மேல் ஓட்டையில் குச்சியால் குத்துவது, அப்புறம் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளிருக்கும் பரிசை எடுப்பது. பெட்டி ஒளி புகாததாக இருந்தபோது இரு தரப்பும் இரண்டையும் செய்தன. கண்ணாடிபோல் தெளிவான பெட்டியைக் கொடுத்ததும், மேலே குத்துவதால் பயனே இல்லை என்பது பளிச்சென்று தெரிந்தது. சிம்பன்சிகள் அந்தப் படியை விட்டுவிட்டு நேரே பரிசுக்குப் போயின. குழந்தைகள் மேலே குத்திவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள்.

சிம்பன்சிதான் புத்திசாலி என்று சொல்லத் தோன்றும். ஆனால் மனிதக் குழந்தை கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதிக்குக் காரணம் கண்ணில் தெரியாது. பெரியவர் செய்வதை அப்படியே செய்வது அதற்கு லாபமான பந்தயம். இந்த மிகைப் பின்பற்றல் வழியாகத்தான் சடங்கும் தலைமுறை தாண்டுகிறது. பயனற்ற படிகளுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. அவற்றைச் சரியாகச் செய்பவர் இந்தக் கூட்டத்தில் வளர்ந்தவர் என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

பயமும் சடங்கை வளர்க்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் கடலின் டிராப்ரியன்ட் தீவுகளில் தங்கியிருந்த மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி, அமைதியான உட்கடலில் மீன் பிடிக்க அந்த மக்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை என்றும், ஆபத்தான திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் விரிவான சடங்குகள் செய்கிறார்கள் என்றும் எழுதினார். படகு கட்டத் தெரியாததால் அல்ல. தெரிந்ததையெல்லாம் செய்து முடித்த பிறகும் கையில் இல்லாத ஒரு பங்கு மிஞ்சுகிறது. தண்டனை உதை (பெனால்ட்டி) அடிக்குமுன் பந்தை இரண்டு தடவை சுற்றி வைக்கும் கால்பந்து வீரருக்கும் அதே பங்குதான் மிஞ்சியிருக்கிறது.

## பழையது போலத் தோன்றுவது

சடங்குகளின் வயது பெரியதுதான். ரஷ்யாவின் சுங்கிர் என்ற இடத்தில் ஏறத்தாழ 34,000 வருடம் முந்தைய புதைகுழியில் இரண்டு பிள்ளைகளைத் தலையோடு தலை சேர்த்து வைத்திருந்தார்கள். அவர்களோடு மாமத் என்ற அழிந்துபோன யானை இனத்தின் தந்தத்தில் செதுக்கிய சுமார் 10,000 மணிகள். பனியுகத்தில் வேட்டையாடிப் பிழைத்தவர்கள் மண்ணுக்குள் போட அத்தனை மணிகளை இழைத்திருக்கிறார்கள்.

ஆனால் பழமை வாடை அடிப்பதெல்லாம் பழசு இல்லை. ஒலிம்பிக் சுடர் ஓட்டத்தைப் பார்த்தால் பண்டைய கிரேக்கத்திலிருந்து வருவதுபோல் இருக்கும். உண்மையில் அது முதன்முதலில் நடந்தது 1936-இல், பெர்லின் ஒலிம்பிக்கிற்காக. 3,000-க்கும் மேற்பட்டவர்கள் கைமாற்றிக் கைமாற்றி, நாஜி ஆட்சியின் தலைநகருக்குச் சுடரைக் கொண்டுவந்தார்கள். ஆட்சி போனது, ஓட்டம் நிலைத்துவிட்டது. இன்று அதை ஏந்தும் யாரும் அந்த ஆட்சியைக் கொண்டாடவில்லை. அதே நாஜிகள்தான் நியூரம்பெர்க் பேரணிகளில் வானத்தை நோக்கித் தேடொளி விளக்குகளை நிறுத்தி, ஒளியாலேயே தூண்கள் எழுப்பினார்கள். வட்டம், தாளம், சாட்சி, கொந்தளிப்பு என்று நாம் மேலே பார்த்த எல்லாப் பாகங்களும் அங்கே பிசகில்லாமல் இயங்கின. சடங்கு என்ற இயந்திரத்துக்குத் தன்னை யார் ஓட்டுகிறார் என்ற கவலை கிடையாது. ‘சடங்கு மக்களை ஒன்றுசேர்க்கும்’ என்று மேடையில் யாராவது நெகிழும்போது, ‘யாருக்கு எதிராக?’ என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது நல்லது.

## ஒரு பனியாற்றுக்கு இறுதி மரியாதை

இப்போதும் புதிய சடங்குகள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. ஐஸ்லாந்தில் ஓக் என்ற எரிமலையின் மேல் ஒரு பனியாறு இருந்தது. பனியாறு என்று சொல்ல வேண்டுமென்றால் பனி தன் எடையாலேயே நகரும் அளவுக்குக் கனமாக இருக்க வேண்டும். இது உருகி மெலிந்துபோய் நகர்வதை நிறுத்திவிட்டது. 2014-இல் அதைப் பனியாறுகள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அறிவியலுக்கு வேலை அதோடு முடிந்தது.

2019 ஆகஸ்ட் 18 அன்று சுமார் 100 பேர் இரண்டு மணி நேரம் மலை ஏறினார்கள். நாட்டின் பிரதமரும் வந்திருந்தார். பனியாற்றுக்கு இறுதிச் சடங்கு செய்ய உலகில் எங்கும் முறை கிடையாது. அதனால் தெரிந்த முறைகளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்: பேச்சு, மௌனம், ஒரு மரணச் சான்றிதழ். ஒரு பாறையில் குழந்தைகள் செப்புப் பலகை ஒன்றைப் பதித்தார்கள். ஊடகங்களுக்காகவே நடத்திய நிகழ்ச்சி என்று அப்போதே சிலர் சொன்னார்கள். அது உண்மைதான், நாலு பேர் அறியத்தானே சடங்கு.

பலகையில் இருப்பது எதிர்காலத்துக்கு ஒரு கடிதம். அடுத்த 200 வருடங்களில் எங்கள் பனியாறுகள் எல்லாமே இதே வழியில் போகும் என்று எதிர்பார்க்கிறோம்; என்ன நடக்கிறது என்பதும் என்ன செய்ய வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்ளவே இந்த நினைவுச்சின்னம் என்கிறது அது. கடைசி வரியில், அதைச் செய்தோமா என்பது உங்களுக்குத்தான் தெரியும் என்கிறது. அந்த ‘நீங்கள்’ அன்று மலை ஏறிய 100 பேர் இல்லை. அந்தச் சடங்குக்குச் சாட்சியாக அழைத்திருப்பது இன்னும் பிறக்காதவர்களை.